பறையை வைத்தவர்களும் எடுத்தவர்களும்

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர்களில் பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், அறிவிப்புகளை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும், மீறி யாரையேனும் தண்டோரா போடவைத்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம். ஐந்து மாதம் கழித்து, 2023 பொங்கலையொட்டி, அதே அரசு சென்னை சங்கமம் விழாவை மீண்டும் தொடங்கியது. பூங்காக்களிலும் மைதானங்களிலும் மேடை போட்டுப் பறையாட்டக் குழுக்களை ஆடவைத்தது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தெருவில் அடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட கருவி மேடையில் கொண்டாடப்படுவதை முரண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. தண்டோரா போட்டவரை யாரும் கலைஞர் என்று அழைத்ததில்லை. ஊர் சொன்னது, அவர் அடித்தார். மேடையில் ஆடுபவர் தானாக வந்தவர். கடந்த முக்கால் நூற்றாண்டில் பறையின் வரலாறு இந்த இரண்டு நகர்வுகளால் ஆனது. கட்டளைக்கு அடித்தவர்களில் பலர் அதைக் கீழே வைத்தார்கள். கட்டளை இல்லாத இடத்தில் வேறு பலர் அதைக் கையில் எடுத்தார்கள், வைத்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நாட்டுப்புறக் கலைக்குழுக்களில் மக்கள் ஏன் சேர்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன்.

வழக்கமான விடை நமக்குத் தெரியும்: நம் பாரம்பரியம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்கிறார்கள். கலைக்குழுக்களின் துண்டறிக்கைகளிலும் அரசு விழாக்களின் வரவேற்புரைகளிலும் இதுதான் இருக்கும். பொய்யில்லை; ஆனால் போதாது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பறைப் பயிற்சிக்கு வருபவர்களைப் பாருங்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர், கல்லூரி மாணவி, பள்ளி ஆசிரியர், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்த தம்பதி. அழிவைத் தடுக்கும் கடமையுணர்ச்சி ஒருவரை முதல் வாரம் வரவழைக்கலாம். விரல்கள் கொப்புளித்து, தோள்பட்டை கடுத்து, அடி பிசகிப் பிசகி, ஆசான் மறுபடியும் முதலிலிருந்து என்று சொல்லும் ஐந்தாவது வாரத்திலும் அவரை வரவழைப்பது வேறொன்று.

அது என்ன என்று அறியப் பயிற்சிக் களத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, உள்ளே இரும்புப் பட்டை கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டியது பறை. குறுக்களவு ஏறக்குறைய 14 அங்குலம். கயிற்றை இடது தோளில் மாட்டி, சட்டத்தை விலாவோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். இடக்கையில் நீளமான, வளையக்கூடிய மெல்லிய மூங்கில் சிம்பு. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. வலக்கை தோலின் நடுவில் கனத்த ஒலியை எழுப்ப, இடக்கைச் சிம்பு விளிம்பை ஒட்டிச் சொடுக்கும். அடிப்பதற்கு முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அந்தத் தீயில் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகியிருக்கிறதா என்று கண்ணால் தெரியாது; விரலால் சுண்டி, காதால் கேட்டுத்தான் தெரியும். ஈரக் காற்றுள்ள நாளில் அரைமணிக்கு ஒருமுறை தீக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

புதியவருக்கு முதலில் கிடைப்பது ஒத்தையடி. கை ஓரளவு பழகியதும் கால் சேரும். இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். கை ஓர் அளவில் போக, கால் இன்னொரு அளவில் பெயர, உடம்பு பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து எழ வேண்டும். எண்ணிக்கொண்டே ஆடினால் வராது. பக்கத்தில் நிற்பவரின் முழங்காலையும் தோளையும் ஓரக்கண்ணால் பிடித்து, அவர் பெயரும்போது தானும் பெயர வேண்டும். ஒரு கட்டத்தில், அநேகமாக யாரும் எதிர்பாராத ஒரு நிமிடத்தில், பத்துப் பேரின் அடியும் ஒன்றாக விழுகிறது. அதுவரை தன் பிசகை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தன் பறையின் ஒலி தனியாகக் கேட்காமல் போகிறது. மறுவாரம் அவர் வருவது அந்த நிமிடத்துக்காக.

இதை உணர்ச்சிவசப்பட்ட வருணனை என்று ஒதுக்க வேண்டியதில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல், 1941இல் படையில் சேர்ந்தபோது டெக்சாஸ் வெயிலில் மணிக்கணக்கில் அணிவகுத்து நடக்கப் பழக்கப்பட்டார். துப்பாக்கிகூடச் சரியாக இல்லாத படைக்கு அந்த நடையால் பயன் ஏதுமில்லை என்று அறிவு சொன்னது. உடம்போ அதில் ஓர் ஆழ்ந்த நிறைவைக் கண்டது. அந்தப் புதிர் அவரை விடவில்லை. 1995இல் வெளியிட்ட நூலில், ஆட்டமும் அணிநடையும் மனிதக் கூட்டங்களைத் தசைவழியே பிணைத்த வரலாற்றை எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலாளர் ராபின் டன்பாரோடு பணியாற்றிய ஆய்வாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். பிரேசிலில் பள்ளி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலரை ஒரே அசைவில் ஒன்றாகவும் சிலரை ஆளுக்கொரு விதமாகவும் ஆடவைத்தார்கள். சிலருக்கு உடல் வருந்தும் பெரிய அசைவுகள், சிலருக்குச் சின்ன அசைவுகள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, எவ்வளவு வலிவரை தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். ஒன்றாக ஆடியவர்களின் வலிதாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. உடன் ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. உடலை வருத்தி ஆடியதும் தனியே அதே விளைவைத் தந்தது. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது பறையாட்டம்தான் நினைவுக்கு வந்தது. ஒத்திசைவும் உழைப்பும் அதில் ஒருசேர இருக்கின்றன.

ஆனால் உடம்பின் காரணம் ஒன்றே போதுமென்றால் உடற்பயிற்சிக்கூடத்தில் பாட்டுப் போட்டு ஆடும் வகுப்பும் இதே பலனைத் தரும். தருகிறது என்றுதான் நினைக்கிறேன். அங்கே போகாமல், தோல் நாற்றமும் வைக்கோல் புகையும் உள்ள இடத்துக்கு ஏன் வருகிறார்கள்? இதற்கு வரலாற்றுக்குள் போயாக வேண்டும். அந்த வரலாறு மறுப்பிலிருந்து தொடங்குகிறது.

கிராமத்தில் பறை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊர்வேலை. சாமி சாட்டுக்கு அடிக்க வேண்டும், சாவுக்கு அடிக்க வேண்டும், ஏலத்துக்கும் வரிக்கும் ஊர் முழுக்கச் சுற்றி அடிக்க வேண்டும். அடித்தவருக்குக் கோயிலுக்குள் இடமில்லை. செத்த மாட்டின் தோல் என்பதால் கருவிக்கும் தீட்டு, தொடுபவருக்கும் தீட்டு. கூலி, கொடுப்பவர் மனம்போல. மாட்டேன் என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. எனவே விடுதலை பேசியவர்கள் முதலில் சொன்னது, பறையைக் கீழே வை என்பதுதான். தென்னார்க்காட்டின் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள், பறையடிப்பதையும் அதைப் போன்ற ஊழியங்களையும் மறுக்கும்படி சேரி மக்களைத் திரட்டினார். பின்னாளில் தீண்டாமை குறித்து ஆராய ஒன்றிய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969இல் அறிக்கை தந்தவரும் அவரே. ஊர்வேலையை மறுத்த சேரிகள் சும்மா விடப்படவில்லை. அடி விழுந்தது, வேலை நின்றது, வழி அடைக்கப்பட்டது. இன்றும் சில ஊர்களில் அந்தச் சண்டை முடிந்துவிடவில்லை.

பாரம்பரியத்தைக் காப்பது பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு கலை அழிகிறது என்று நாம் வருந்தும்போது, அதைக் கைவிட்டவர் அதிலிருந்து தப்பித்திருக்கலாம். மகனுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லித்தராத தகப்பன் அலட்சியத்தால் அப்படிச் செய்யவில்லை. அவரை அறிந்து மரியாதை செய்யாமல் அவர் கைவிட்டதைப் பொறுக்கி எடுத்துப் போற்றுவது நியாயமாகாது.

மறுப்புக்கு அடுத்து வந்தது மீட்பு. அதைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் அதே மக்களிடமிருந்து வந்தவர்கள். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஜே. தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்தவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்தார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறை, அங்கே வழிபாட்டின் நடுவுக்கு வந்தது. கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். வடு என்ற தன்வரலாற்றில் தன் இளமையின் காயங்களைப் பதிந்தார். இருவருமே ஆய்வாளர்கள், இருவருமே மேடையில் நின்றவர்கள். ஒதுக்கப்பட்டவர் கையில் இருப்பதாலேயே இழிவென்று சொல்லப்பட்ட ஒன்றை, அவரே தலைநிமிர்ந்து எடுக்கும்போது அதன் பொருள் மாறும் என்பது அவர்கள் கண்ட வழி.

இதன் முழு வலிமையையும் நான் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் வரலாற்றில் காண்கிறேன். 1990ஐ ஒட்டி அருட்சகோதரி சந்திராவின் முயற்சியில் உருவான அது, தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்பித்தது. பள்ளிப்படிப்பு நின்றுபோனவர்கள், ஆலைக்கும் கூலிக்கும் போக வேண்டியிருந்தவர்கள் அவர்களில் பலர். பறை ஆண்களின் கருவியாக இருந்தது. பெண் அதைத் தோளில் மாட்டியதே ஒரு மீறல். அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் அந்தக் குழுவோடு நெருங்கிப் பழகி, பறைக் கலைஞர்களைப் பற்றி 2011இலும் சக்தி குழுவைப் பற்றி 2019இலும் ஆவணப்படங்கள் எடுத்தார். அவற்றில் அந்தப் பெண்கள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். அவர்களை அந்தக் குழுவுக்கு இழுத்தது மரபின் மேலுள்ள பற்று என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் குனிந்து நடக்கக் கற்பிக்கப்பட்ட உடம்பு, காலை அகட்டி நின்று, எதிரே இருப்பவரை நேராகப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி ஓங்கி அடிக்கிறது. மரபு அதில் காக்கப்பட்டது உண்மை, ஆனால் அது கூடவே கிடைத்த பலன்.

இதே காலத்தில் வேறு வாசல்களும் திறந்தன. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காகக் கலைப்பயணங்களை நடத்தியபோது ஆசிரியர்களும் கிராமத்து இளைஞர்களும் ஒயிலும், தப்பு என்றும் அழைக்கப்படும் பறையும், கும்மியும் பழகினார்கள். முற்போக்கு எழுத்தாளர்களின் கலை இலக்கிய இரவுகள் விடியவிடிய நடந்தன. 2007இல் தொடங்கிய முதல் சென்னை சங்கமம், மாநகரத்து நடுத்தர வர்க்கத்தைப் பூங்காவிலேயே கலைஞர்களோடு நேருக்குநேர் நிறுத்தியது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்களிடையே பறை முழங்கியது. தாங்களும் கற்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு அங்கே பிறந்திருக்கும். புலம்பெயர்ந்த தமிழர்களின் விழாக்களில் இன்று பறைக்குழு இல்லாத மேடை குறைவு. கோவையில் நிமிர்வு கலையகம், சென்னையில் புத்தர் கலைக்குழு என்று நகரங்களில் குழுக்கள் வேரூன்றின. இந்தக் குழுக்களின் பெயர்களிலேயே நோக்கம் தெரிகிறது. வருபவர் தாளத்தோடு ஒரு நிலைப்பாட்டையும் கற்கிறார், எந்தச் சாதியில் பிறந்தவரானாலும்.

இங்கே ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. பறை தமிழரின் ஆதி இசை, அதில் இழிவென்ன என்று மேடையில் முழங்குவார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் உயர்வாகச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் உண்டு. இவை பெருமைக்குரிய சான்றுகள்தாம். ஆனால் சங்க நூல்களில் பறை என்பது பலவகைத் தோல்கருவிகளுக்கும் பொதுவாக வரும். அதிலிருந்து இன்றைய வட்டப்பறைக்கு நேர்கோடு போடுவது அவ்வளவு எளிதில்லை. வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த 1983ஆம் ஆண்டு நூல், தொன்மை என்று போற்றப்படும் வழக்கங்கள் பல அண்மையில் புனையப்பட்டவை என்று காட்டியது. பறைக்கு அந்தச் சந்தேகம் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக அடித்த கைகள் கண்முன்னே இருக்கின்றன. என் வருத்தம் வேறு. ஈராயிரம் ஆண்டுப் பெருமைக்குத் தாவும் வேகத்தில், நடுவிலுள்ள சில நூற்றாண்டு அவமானத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். எல்லாத் தமிழருக்கும் பொதுவான கலை என்று சொல்லத் தொடங்கியவுடன், அதற்காக அடிவாங்கியவர்கள் யார் என்பது மங்கிவிடுகிறது.

ஒன்றாக ஆடுவது மனிதரைப் பிணைக்கும் என்றேன். யாரோடு பிணைக்கும் என்பதை ஆட்டம் தீர்மானிப்பதில்லை. கொங்குநாட்டின் வள்ளி கும்மியைப் பாருங்கள். வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆசிரியர் நடுவில் நிற்க, சுற்றிலும் கும்மியடித்து ஆடும் கலை. ஆண்களே ஆடிவந்த இதில் பெண்களுக்கும் கற்பித்த கோவைப் பகுதிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல், 87ஆம் வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று கொங்கு ஊர்களில் கோயில் திடலில் மாலைப் பயிற்சி நடக்கிறது. பள்ளிச் சிறுமியும் பாட்டியும் ஒரே நிறச் சேலையில் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஊர்கூடி அரங்கேற்றம். வீட்டுவேலையும் விசைத்தறியும் தவிர வெளியே வர வேறு காரணம் கிடைக்காத பெண்ணுக்கு அந்த மாலை எவ்வளவு பெரிது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் அவர்கள் திரண்டு ஆடும்போது எழும் மகிழ்ச்சி உண்மையானது.

அதே கும்மி மேடைகளில் சொந்தச் சாதிக்குள்தான் திருமணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளியும் 2024இல் பரவியது. பெரும் கண்டனமும் எழுந்தது. ஆட்டத்தின் மேல் குற்றமில்லை, பத்திரப்பன் போன்றவர்களின் மேலும் குற்றமில்லை. கையும் காலும் ஒன்றாக அசைந்து, வியர்த்து, மனம் இளகி, பக்கத்தில் இருப்பவரோடு ஒன்றிப்போன நேரத்தில் காதில் சொல்லப்படுவது ஆழமாக இறங்கும். அந்த நேரத்தைப் பறைக்குழு சாதியைக் கடக்கப் பயன்படுத்துகிறது. வேறொருவர் சாதியைக் கட்டப் பயன்படுத்துகிறார். ஆகவே ஒரு கலைக்குழுவைப் பார்க்கும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, யார் சேர முடியாது என்பதையும் கேட்க வேண்டும். கம்பளத்தாரின் தேவராட்டம் ஒரு சமூகத்துக்குள் பல தலைமுறை இருந்தது. இன்று அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் எந்த வீட்டுப் பிள்ளையும் ஆடலாம். அந்த வாசல் திறந்ததால் தேவராட்டத்துக்குக் குறைவு ஏதும் நேர்ந்துவிடவில்லை.

மேடை பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நாட்டுப்புறக் கலை என்றாலே மேடை, சீருடை, ஐந்து நிமிடம், கைதட்டல். ஹங்கேரியில் 1970களில் இளைஞர்கள் வேறு வழி கண்டார்கள். அங்கும் அரசு நாட்டியக் குழுக்கள் சோவியத் பாணியில் பளபளப்பான மேடை நிகழ்ச்சிகளை நடத்திவந்தன. புடாபெஸ்டில் 1972 மே 6 அன்று நான்கு நடனக் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள், பார்வையாளர் இல்லாமல், தாங்கள் ஆடுவதற்காகவே ஓர் அறையில் கூடினார்கள். ஃபெரென்ஸ் ஷெபோவும் பேலா ஹால்மோஷும் இசைத்தார்கள். ருமேனியாவின் திரான்சில்வேனியாவிலுள்ள சேக் என்ற ஹங்கேரியக் கிராமத்தில் இளைஞர்கள் வாடகைக்கு அறை பிடித்து ஆடும் வழக்கமே அவர்களுக்கு முன்மாதிரி. விரைவில் கதவு எல்லாருக்கும் திறக்கப்பட்டது. ஆடத் தெரியாதவரும் உள்ளே வந்து, தெரிந்தவரைப் பார்த்து அங்கேயே கற்றார். ஊர் ஊராகப் பரவிய அந்த இயக்கத்தை 2011இல் யுனெஸ்கோ, மரபைக் காக்கும் சிறந்த வழிமுறைகளின் பட்டியலில் சேர்த்தது.

இதில் நான் முக்கியமாகக் கருதும் ஒரு செய்தி உண்டு. அந்த அறைக்குப் பின்னால் ஜியோர்ஜி மார்ட்டின் என்ற ஆய்வாளரின் நெடுங்கால உழைப்பு இருந்தது. கிராமத்து ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து, ஒவ்வொரு காலடியையும் பகுத்து வைத்திருந்தார். அதனால் நகரத்து இளைஞர்கள் மேடைக்காகச் சுருக்கிய வடிவத்தைக் கற்கவில்லை. இன்ன ஊரில் ஆடும் முறை இது என்று தெரிந்தே கற்றார்கள். சேக் கிராமத்துக்கே போய், வயதானவர்களிடம் உட்கார்ந்தார்கள். ஆர்வலரும் மரபுக் கலைஞரும் அங்கே நேரில் சந்தித்தார்கள்.

நம்மிடம் அந்தச் சந்திப்பு போதவில்லை. நகரத்து ஆர்வலருக்குப் பறை வார இறுதி. வேறு சம்பளம் இருக்கிறது. தஞ்சை, மதுரைப் பக்கத்துத் தொழில்முறைக் கலைஞருக்கு அதுதான் அடுப்பு. தை பிறந்து ஆடிவரைக்கும் கிடைக்கும் கோயில் கொடைகளும் திருவிழாக்களும்தான் ஆண்டு வருமானம். 2020, 2021 இரண்டு ஆண்டும் பெருந்தொற்று அந்த மாதங்களிலேயே திருவிழாக்களை முடக்கியது. நையாண்டி மேளக்காரரும் கரகாட்டக்காரரும் தப்பாட்டக்காரரும் கட்டட வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போனார்கள். நல வாரியம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, அதில் கிடைக்கும் உதவி ஒரு குடும்பத்தைத் தாங்காது. இந்த நிலையில், படித்த இளைஞர்களின் குழு ஒன்று கல்லூரி விழாவில் போக்குவரத்துச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு ஆடிக்கொடுத்தால், அந்த இடம் யாருடையது என்று யோசிக்க வேண்டும். இலவசமாக ஆடுவது பெருந்தன்மை என்று ஆடுபவர் நினைக்கலாம். கூலி பேசும் கலைஞருக்கு அது அடிமாட்டு விலையைத் தீர்மானிக்கும் போட்டி. நிகழ்ச்சிக்கு அழைப்பவரிடம் தொழில்முறைக் குழுவையும் சேர்த்து அழையுங்கள், அவர்களுக்கு உரிய தொகையைக் கொடுங்கள் என்று வற்புறுத்துவது ஆர்வலர் குழுக்களின் கடமை.

இன்னொரு விவாதம் இதைவிடக் கடினமானது. சாவுக்கு அடிக்கலாமா? சுயமரியாதைப் பாதையில் வந்த குழுக்கள் பல, அடிப்பதில்லை என்று உறுதியாக இருக்கின்றன. சாவு வீட்டில்தான் பறைக்காரர் அதிகம் அவமதிக்கப்பட்டார், குடித்தவர்களின் அதட்டலுக்கு ஆடவைக்கப்பட்டார். அந்த வாசலை மிதிக்காமல் இருப்பதே விடுதலை என்கிறார்கள். எதிர்ப்பக்கமும் வலுவானது. தமிழர் வாழ்வில் சாவு பெரிய நிகழ்வு. அதற்கென்றே அடிகள் உருவாகியிருக்கின்றன. அவற்றைக் கைவிட்டால் கலையின் பெரும்பகுதி போய்விடும். மரியாதையோடும் கூலியோடும் அழைத்தால் ஏன் போகக் கூடாது? எனக்கு ஒரு முடிவு உண்டு. போவதா வேண்டாமா என்பதை, பரம்பரையாக அந்த வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தாம் சொல்ல வேண்டும். மறுக்க முடிந்தவர் மட்டுமே மனமுவந்து அடிக்கவும் முடியும். அந்தக் கட்டாயம் ஒருபோதும் இருந்திராத குடும்பத்தில் பிறந்தவர், மரபு அழிகிறது என்று சொல்லி அவர்களைத் திரும்ப அங்கே அனுப்பக் கூடாது.

ஆனால் அடிகளைக் கற்று வைக்கலாம், அதற்குச் சாவு வீடு தேவையில்லை. ஒத்தையடி, சாமிச்சாட்டு, மருளடி, சப்பரத்தடி, மாரடிப்பு, வாழ்த்தடி என்று சூழலுக்கேற்ற அடிகள் பறையில் உண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் அவை மாறும். நகரத்துப் பட்டறைகளில் கற்பிக்கப்படுபவை பெரும்பாலும் விரைந்த, மேடைக்கு எடுப்பான சில அடிகள். நிதானமாக நடந்து, நெடுநேரம் நீளும் அடிகளுக்கு அங்கே பொறுமை இல்லை. தீயில் காய்ச்ச வேண்டாத, திருகாணியால் இறுக்கிக்கொள்ளும் பைபர் பறையும் பரவிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் வைக்கோல் கொளுத்த முடியாது என்பது நியாயம்தான். ஆனாலும் கற்பவர் ஒருமுறையாவது தோல்பறையைத் தன் கையால் காய்ச்சி, சுண்டிக் கேட்டு, அந்தத் தோலைத் தொட்டு அடித்துப் பார்க்க வேண்டும் என்பேன். தீட்டு என்று சொல்லப்பட்டது அந்தத் தோல்தான்.

நிதான அடிகளை அறிந்த ஆசான்கள் பலர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள், அவர்கள் இருப்பது கிராமங்களில். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், போனதும் சரிதான். அரசு நடத்தும் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகளிலும், கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலும், பள்ளிக் கலைத் திருவிழாப் பயிற்சியிலும் அவர்களைச் சான்றிதழ் கேட்காமல், பேராசிரியருக்குரிய மதிப்போடும் மணிக்கணக்குச் சம்பளத்தோடும் ஆசிரியராக அமர்த்த முடியும். ஊர் வாரியாக, அடி வாரியாக, அடித்தவரின் பெயரோடு ஒளிப்பதிவு செய்து வைக்க முடியும். நகரத்துக் குழுக்களும் ஆண்டுக்கொருமுறை தங்கள் பயிற்சியை அந்த ஆசான் இருக்கும் ஊரில் வைத்துக்கொள்ளலாம். கற்றதற்கு அவர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டு வரலாம்.